எட்ட நின்று படிக்கும் எழுத்து

மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவே சடையங்குப்பம் என்று ஓர் ஊர். முன்பு தனி ஊராட்சியாக இருந்தது. 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. ஒரு பக்கம் கொசஸ்தலை ஆறு; இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய். 2015ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் வெள்ளம் வந்து இந்த ஊரைச் சூழ்ந்து கொண்டது. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் குடியேறிய பர்மா நகரும் இங்கேதான் இருக்கிறது.

ஊருக்கு அருகே எங்கு திரும்பினாலும் ஆலைப் புகைபோக்கிகள். மணலியில் எண்ணெய் சுத்திகரிக்கிறார்கள், உரம் செய்கிறார்கள், ரசாயனம் செய்கிறார்கள். எண்ணூரில் துறைமுகம். ஆகையால் இரவும் பகலும் டாங்கர் லாரிகளும் கன்டெய்னர் லாரிகளும் போய்க்கொண்டே இருக்கும்.

அந்தச் சாலை ஓரத்தில் ஒரு பாட்டியும் பேத்தியும் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேத்தி ஆறாம் வகுப்பு. பாட்டி வயதான பிறகு மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள். ஒரு டாங்கர் லாரி கடந்து போகிறது.

"அதுல இன்னா எழுதியிருக்குது கண்ணு?" என்று பாட்டி கேட்கிறாள்.

"தெரியல ஆயா. இங்கிலீஷ்ல பொடிப் பொடியா இருந்துச்சு. படிக்கிறதுக்குள்ள போயிடுச்சு" என்கிறாள் பேத்தி.

லாரிக்குள் இருந்தது பாலா, பெட்ரோலா, விஷ வாயுவா? இருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் போனதற்குக் காரணம் படிப்புக் குறைவு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. எழுத்தின் உருவமும் ஒரு காரணம். எழுத்து பெரிதா, சிறிதா, தடித்ததா, மெலிந்ததா, அதன் நடுவே வெளிச்சம் இருக்கிறதா என்பதெல்லாம் அச்சகத்துக்காரர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். வட சென்னையில் அது உயிர்க் கவலை.

2 அங்குலம் போதுமா?

ஆபத்தான சரக்கு ஏற்றும் லாரிகளுக்கு 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு கட்டளை உண்டு. லாரியின் இரு பக்கத்திலும் பின்புறத்திலும் ஓர் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும். சரக்கின் பெயர் குறைந்தது 50 மில்லிமீட்டர் உயர எழுத்தில் இருக்க வேண்டும். அந்தச் சரக்குக்கு ஐக்கிய நாடுகள் முறைப்படி கொடுத்த எண் குறைந்தது 100 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற டெலிபோன் எண்ணும் அதில் இருக்க வேண்டும்.

50 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 2 அங்குலம். பலகை எழுதும் தொழிலில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1 அங்குல உயர எழுத்தை 10 அடி தூரத்தில் சிரமமில்லாமல் படிக்கலாம். அதற்கு மேலும் படிக்க முடியும்; ஆனால் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்குப்படி, சரக்கின் பெயரை நிம்மதியாகப் படிக்க லாரியிலிருந்து 20 அடிக்குள் வர வேண்டும். எண்ணைப் படிக்க 40 அடி.

லாரி நல்லபடியாக நின்றுகொண்டிருந்தால் 20 அடியில் நிற்பதில் ஒன்றும் இல்லை. கவிழ்ந்து கிடந்தால்? உள்ளே இருப்பது அம்மோனியாவாக இருந்தால்? "இது என்ன?" என்று தெரிந்துகொள்ள 20 அடிக்கு வருகிறவன், தெரிந்துகொண்ட பிறகு திரும்பிப் போக முடியுமா என்பதே சந்தேகம்.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கு அடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஓர் உரத் தொழிற்சாலைக்குப் போகும் குழாய் அது. தூங்கிக் கொண்டிருந்தவர்களுக்குக் கண் எரிந்தது, மூச்சுத் திணறியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியிருந்தது. ஒரே மாதத்தில் இரண்டு அடி.

கடலடிக் குழாயில் போர்டு மாட்ட முடியாது என்பது உண்மைதான். ஆனால் கரையில் மாட்டலாம். தெரு முனையில் மாட்டலாம். வாயு கசிந்தால் எந்தப் பக்கம் போக வேண்டும், ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொள்ள வேண்டும், காற்று வரும் திசைக்குக் குறுக்கே விலக வேண்டும் என்று நாலு வரி எழுதி வைக்கலாம். அப்படி எழுதும்போது எந்த எழுத்தில் எழுதுவது? ஓடுகிற மனிதன் நின்று படிக்க மாட்டான். ஓடிக்கொண்டே, இருட்டில், கண் எரிய எரியப் படிப்பான். அவனுக்குத் தகுந்த எழுத்து ஒன்று வேண்டும்.

"விகாரம்" என்று பெயர் வாங்கியது

அப்படிப்பட்ட எழுத்தை ஐரோப்பாக்காரர்கள் 200 ஆண்டுகளுக்கு முன்பே தேடத் தொடங்கினார்கள். பழைய ஆங்கில அச்செழுத்தைப் பார்த்தால், கோடுகளின் நுனியில் சின்னச் சின்னக் கால்கள் இருக்கும். ஒரு கோடு தடிப்பாகவும் இன்னொன்று மெலிதாகவும் இருக்கும். புத்தகத்தில் அது அழகுதான். சுவரில் எழுதினால், தூரத்திலிருந்து பார்க்கும்போது மெல்லிய கோடு மறைந்துபோகும்.

லண்டனில் 1816ஆம் ஆண்டு வாக்கில் நான்காம் வில்லியம் காஸ்லன் என்ற அச்செழுத்து வார்ப்பவர் அந்தக் கால்களை வெட்டி எறிந்தார். எல்லாக் கோடும் ஏறக்குறைய ஒரே தடிப்பு. மொட்டை எழுத்து. இவ்வகை எழுத்துகளுக்கு ஆங்கிலத்தில் கிடைத்த பெயர் என்ன தெரியுமா? "விகாரம்" என்று பொருள்படும் பெயர்! அந்தப் பெயரோடேயே அவை உலகம் முழுவதும் விற்பனையாயின. நோட்டீசுக்கும் கடைப் பலகைக்கும் அவற்றைவிட உதவியான எழுத்து வேறு இல்லை.

1916ஆம் ஆண்டில் எட்வர்ட் ஜான்ஸ்டன் என்பவர் லண்டன் பாதாள ரயிலுக்காக ஓர் எழுத்து வரைந்தார். அதில் 'ஓ' என்ற எழுத்து வட்டமாகவே இருக்கும். ரயில் நிலையத்தில் நூறு விளம்பரங்கள் ஒட்டியிருந்தாலும் ஊர்ப் பெயர் தனியே கண்ணில் பட வேண்டும் என்பது நோக்கம். 1927ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பவுல் ரென்னர் என்பவர் "ஃபியூச்சுரா" என்ற எழுத்தைக் கொடுத்தார். வட்டம், சதுரம், முக்கோணம்! பள்ளிக்கூடத்து ஜியாமெட்ரிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வரைந்தது போல் இருக்கும். 1969ஆம் ஆண்டில் மனிதன் சந்திரனில் காலடி வைத்தானே, அங்கே விட்டு வந்த உலோகத் தகட்டில் உள்ள வாசகம் இந்த ஃபியூச்சுரா எழுத்தில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது.

ரென்னரிடம் ஒரு சூட்சுமம் இருந்தது. கருவி கொண்டு வரைந்தது போல் தோன்றினாலும் அவருடைய எழுத்து உண்மையில் அப்படி இல்லை. வளைவு வந்து நேர்கோட்டைத் தொடும் இடத்தில் கோட்டைக் கொஞ்சம் மெலிதாக்கினார். ஒரே தடிப்பாக விட்டால் அந்த மூலையில் மை திரண்டது போல் கண்ணுக்குத் தோன்றும். அளவுகோலுக்குச் சரியாக இருப்பது கண்ணுக்குச் சரியாக இருக்காது. கோலம் போடும் பெண்களுக்கு இது சொல்லாமலே தெரியும்.

திருவொற்றியூரில் பிறந்த மூன்று எழுத்து

சடையங்குப்பத்துக்குப் பக்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 1946ஆம் ஆண்டில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பவர் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கினார். "மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி" என்று பெயர். அதுவே பிறகு எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியாக வளர்ந்தது.

சச்சின் டெண்டுல்கர் கையில் பிடித்த மட்டையில் இருந்த அந்த மூன்று தடித்த சிவப்பு எழுத்துகளைப் பார்க்காத கிரிக்கெட் ரசிகர் உண்டா? மைதானத்தின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும். டீக்கடை டெலிவிஷனில் பார்ப்பவருக்கும் தெரியும். ஆங்கிலம் ஓர் எழுத்துக்கூடத் தெரியாத பையன்கள் தங்கள் மட்டையில் அந்த மூன்றையும் பேனாவால் வரைந்து வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது எழுத்தாக இல்லை, படமாக இருந்தது. நல்ல தடித்த எழுத்தின் பலம் அதுதான். படிக்கும் முன்பே அடையாளம் தெரிந்துவிடும்.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்களும் இதே ரகம். ஒவ்வொரு பெட்டியிலும் நாலு எழுத்தும் ஏழு எண்ணும் இருக்கும். குறைந்தது 100 மில்லிமீட்டர் உயரம். கடைசி எண் சரக்குக்கானது அன்று. முன்னே உள்ளவற்றை யாராவது தப்பாகப் படித்தால் காட்டிக் கொடுக்கும் காவலாளி அது. சிங்கப்பூர்க் கிரேன்காரரும் எண்ணூர்க் கிரேன்காரரும் ஒரே மாதிரி படிக்கிறார்கள்.

வண்டிகளின் நம்பர் பிளேட்டையும் கவனியுங்கள். காருக்கும் லாரிக்கும் எழுத்து உயரம் 65 மில்லிமீட்டர். கோட்டின் தடிப்பு 10. எழுத்துக்கு எழுத்து இடைவெளி 10. விதியே இப்படி அளந்து சொல்கிறது. தடிப்பை மட்டும் சொல்லி விட்டுவிடாமல் இடைவெளியையும் சொன்னார்களே, அதில்தான் புத்திசாலித்தனம் இருக்கிறது.

மூணு சுழி படும் பாடு

ஆங்கிலத்துக்கு இத்தனை வசதி. தமிழுக்கு?

தமிழ் எழுத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கில எழுத்து 'எல்' என்றால் ஒரு செங்கோடு, ஒரு படுகோடு, முடிந்தது. எத்தனை தடிப்பாக எழுதினாலும் கெட்டுப் போகாது. நம்முடைய 'ட', 'ப', 'ய', 'ம' ஆகியவையும் அப்படிப்பட்ட சாதுவான எழுத்துகளே. ஆனால் 'ண' இருக்கிறதே! பிள்ளைகள் "மூணு சுழி" என்று சொல்லும் எழுத்து. 'ன' இரண்டு சுழி. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை ஒரே ஒரு சுழிதான். கோட்டைத் தடிப்பாக்கத் தடிப்பாக்க, சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் அடைபடும். அடைபட்ட பிறகு 'பணி' எது, 'பனி' எது? 'மணம்' எது, 'மனம்' எது?

'கொடி' என்பதற்கும் 'கோடி' என்பதற்கும் எவ்வளவு தூரம்! ஒன்றைக் கம்பத்தில் கட்டலாம். இன்னொன்றைப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். இரண்டுக்கும் எழுத்தில் உள்ள தூரம், கொம்பின் தலையில் ஒரு சின்ன வளையம். தடித்த எழுத்தில் முதலில் சாவது அந்த வளையம்தான். 'பொது', 'போது' என்ற சொற்களுக்கும் இதே கதி. புள்ளியோ இன்னும் பாவம். எழுத்தின் உச்சியில் தனியே நிற்கும் புள்ளி, இரவு விளக்கில் எரியும் பஸ் போர்டில் மின்மினி மாதிரி காணாமல் போய்விடும்.

நன்றாகப் படித்தவர்களுக்கு இது பெரிய தொல்லை அன்று. வாக்கியத்தைப் பார்த்து ஊகித்துக் கொள்வார்கள். அறிவொளி இயக்கக் காலத்தில் எழுத்துக் கற்றவர்களும், 2022ஆம் ஆண்டில் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் கற்றவர்களும் அப்படிப் படிப்பதில்லை. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறார்கள். ஒரு சுழி அடைந்து போனால் அவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நின்றதோடு, "எனக்குத்தான் படிக்க வரவில்லை" என்று தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். குறை பலகை எழுதியவருடையது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று இரண்டு உண்டு. கத்திச் சொல்ல வேண்டுமானால் பெரிய எழுத்தில் எழுதிவிடுவார்கள். தமிழில் அந்த வித்தியாசமே கிடையாது. தமிழில் உரக்கச் சொல்ல வேண்டுமானால் தடிப்பாக எழுதுவதும் பெரிதாக எழுதுவதும்தான் வழி. ஆகையால் நல்ல தடித்த எழுத்து ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு அதிகம் தேவை. அவசியம் அதிகம், அமைப்போ கடினம்!

வட்டமும் கோடுமாக ஒரே அச்சில் வார்த்தது போல் எழுதினால் எழுத்துகள் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிடும் ஆபத்தும் உண்டு. பர்மா நகரில் உள்ள பெரியவர்களைக் கேட்டால் சொல்லக்கூடும்: பர்மிய எழுத்து முழுக்க வட்டம் வட்டமாகவே இருக்கும், வட்டத்தில் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்துத்தான் பல எழுத்துகளை அடையாளம் காண வேண்டும். தமிழில் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் 'எ', 'ஏ', 'ஒ', 'ஓ' ஆகியவற்றை நாகரிகமாக எழுதுகிறேன் என்று சில கடைப் பலகைகளில் செய்கிற கோலத்தைப் பார்த்தால், சொந்தக்காரர்களே வாசித்திருப்பார்களா என்ற ஐயம் வருகிறது.

தரங்கம்பாடி முதல் ஃபிளெக்ஸ் வரை

தமிழ் அச்சுக்கு வயது அதிகம். 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" அச்சானது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. அவை அளவில் பெரியவை. தாள் ஏராளமாகச் செலவாயிற்று. உடனே இங்கேயே சிறிய எழுத்து வார்த்துக்கொண்டார்கள். புத்தகத்துக்கு எழுத்தைச் சிறிதாக்குவதே நெடுங்காலம் அச்சுக்காரர்களின் முயற்சியாக இருந்தது.

பெரிதாக, தடிப்பாக எழுதும் கலையைக் காத்தவர்கள் வேறு ஆட்கள். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர்கள்! நூலில் சாக்கட்டிப் பொடி தடவிச் சுவரில் தட்டிக் கோடு போடுவார்கள். பட்டைப் பிரஷ்ஷும் எனாமல் பெயின்ட்டும் போதும். அவர்களுக்கு எந்தப் பாடப் புத்தகமும் கிடையாது. ஆனால் 'ண' எழுதும்போது அதற்கு அகலமாக இடம் விட வேண்டும், சுழி வரும் இடத்தில் பிரஷ்ஷைத் திருப்பி மெலிதாக இழுக்க வேண்டும் என்பது கைக்குத் தெரியும். ரென்னர் ஜெர்மனியில் செய்த சூட்சுமத்தை ராயபுரத்துச் சுவரில் கைப்பழக்கத்தாலேயே செய்தவர்கள் அவர்கள்.

1978ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பெரியார் 1935ஆம் ஆண்டிலிருந்தே தம் ஏடுகளில் கையாண்டு வந்த முறை அது. 'ணை', 'லை', 'ளை', 'னை', 'ணா', 'றா', 'னா' முதலிய 13 எழுத்துகள் மற்ற எழுத்துகளைப் போலவே ஆயின. யானைத் தும்பிக்கை போல மேலே வளைந்த பழைய 'லை' போயிற்று. தும்பிக்கை இருந்தவரை, தடித்த எழுத்துக்கு உச்சியில் இடம் போதாது. அந்த வகையில் சாலைப் பலகைக்கும் அது ஓர் உதவி.

பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. பிரஷ் பிடித்த கைகள் பல வேலையிழந்தன. கணிப்பொறியில் ஏதோ ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, "தடிப்பாக்கு" என்ற பொத்தானைத் தட்டினால் ஆயிற்று. பொத்தான் என்ன செய்கிறது? மெலிந்த எழுத்தைப் பலூன் ஊதுவது போல் எல்லாப் பக்கமும் ஊதிவிடுகிறது. வெளிப்பக்கம் ஊதினால் பாதகமில்லை. சுழியின் உள்பக்கமும் ஊதிக்கொள்கிறது. பலகை எழுதும் ஓவியர் காப்பாற்றி வைத்த வெளிச்சத்தை ஒரு பொத்தான் அணைத்துவிட்டது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. தடித்த எழுத்தைத் தடித்த எழுத்தாகவே தொடக்கத்திலிருந்து வரைய வேண்டும். அப்படி வரைபவர்கள் இப்போது இருக்கிறார்கள். பிரியா ரவிச்சந்திரன் என்பவர் உருவாக்கிய ஓர் எழுத்துக் குடும்பத்தின் பெயர் வட சென்னைக்காரர்களுக்குப் பிடிக்கும்: "கட்டமரான்". நம்முடைய கட்டுமரம்தான்! எண்ணூர் மீனவரின் சொல் ஆங்கிலத்துக்குப் போய், எழுத்துக்குப் பெயராகத் திரும்பி வந்திருக்கிறது. நூல் போல் மெலிந்தது முதல் கன்னங்கரேலென்று தடித்தது வரை அதில் 9 படிகள் உண்டு. தமிழும் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக வரையப்பட்டிருக்கின்றன. மும்பையின் ஏக் டைப் நிறுவனத்தார் "பலூ தம்பி" என்று உருண்டு திரண்ட ஓர் எழுத்தையும், "அனேக் தமிழ்" என்று அகலத்தையும் தடிப்பையும் மாற்றிக்கொள்ளக் கூடிய ஓர் எழுத்தையும் கொடுத்திருக்கிறார்கள். இவை எல்லாம் காசில்லாமல் கிடைப்பவை. ஃபிளெக்ஸ் கடைக்காரர் பதிவிறக்கிக் கொள்ள ஐந்து நிமிஷம் ஆகாது.

எழுத்து கிடைத்துவிட்டது, இடம் கிடைக்கவில்லை

எழுத்து நன்றாக அமைந்தாலும் அதற்குப் பலகையில் இடம் கொடுக்க வேண்டுமே!

கடைகளின் பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி உண்டு. தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3 பங்கு, பிற மொழி 2 பங்கு என்று அளவும் சொல்லப்படுகிறது. அவ்வப்போது அதிகாரிகள் எச்சரிக்கை விடுவதும், சில நாள் பலகைகள் மாறுவதும் வழக்கமாக நடக்கும் காட்சி. மிட்டாய்க் கடைக்கு விதி இருப்பது நல்லது. மிட்டாயைத் தப்பாகப் படித்தால் உயிர் போகாது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

மின்சாரத்தில் முன்னோர்கள் கவனமாக இருந்தார்கள். 1956ஆம் ஆண்டின் மின்சார விதிகளிலேயே, அபாயப் பலகையில் இந்தி அல்லது ஆங்கிலத்தோடு அந்த மாவட்டத்து மொழியும் இருக்க வேண்டும், மண்டையோட்டுப் படமும் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். பின்னால் வந்த விதிகளும் அதைத் தொடர்ந்தன. அதனால்தான் டிரான்ஸ்பார்மர் பக்கம் போகிற குழந்தைக்கும் "அபாயம்" என்ற சொல் தெரிகிறது. டாங்கர் லாரியின் பலகையோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே ஓடுகிறது. லாரி பல மாநிலங்களுக்குப் போகும், எல்லா மொழியிலும் எழுத முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மணலியில் ஏற்றி எண்ணூரில் இறக்கும் லாரிக்கு அந்தச் சாக்குப் பொருந்தாது.

தமிழில் எழுதும் இடங்களிலும் ஒரு தப்பு நடக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் சொன்னதைத் தமிழில் "எளிதில் தீப்பற்றக்கூடிய பொருள்கள் இவ்விடத்தில் வைக்கப்பட்டுள்ளன" என்று மரியாதையாக நீட்டி எழுதுகிறார்கள். சொல் நீண்டால் எழுத்து குறுகும். பலகையின் அகலம் ஒன்றுதானே? ஆங்கிலம் 6 அங்குலத்தில் நிற்க, தமிழ் ஓர் அங்குலத்தில் அடியில் ஒதுங்குகிறது. "தீப்பற்றும்" என்றால் போதாதா? "விஷவாயு", "தொடாதே", "நில்", "விலகிப் போ" என்று எழுதலாமே. "தொடாதீர்கள்" என்பது பண்பான சொல். விருந்துக்கு அழைக்கும்போது பண்பு வேண்டும்; உயரழுத்தக் கம்பியின் பக்கத்தில் இரண்டு எழுத்தை மிச்சம் பிடிப்பதே பெரிய பண்பு.

எல்லாவற்றையும் தடிப்பாக எழுதிவிடலாம் என்று எண்ணவும் கூடாது. தேர்தல் காலத்துச் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எல்லாரும் உரக்கக் கத்தினால் யார் பேச்சும் காதில் விழாது. ஆலைச் சுவரில் கம்பெனியின் பெயர், தலைவரின் பெயர், திறந்து வைத்த தேதி எல்லாம் ஓர் ஆள் உயரத்துக்கு இருக்க, "அமிலம்" என்ற சொல் மட்டும் உள்ளங்கை அகலத்தில் இருந்தால், தடித்த எழுத்து தவறான வேலைக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

இங்கிலாந்தில் சாலைப் பலகைகளை மாற்றியபோது ஒரு காரியம் செய்தார்கள். ஜாக் கின்னயர் என்பவரும் மார்கரெட் கால்வர்ட் என்ற பெண்மணியும் வரைந்த எழுத்து 1960களில் அந்த நாடெங்கும் வந்தது. அந்தக் காலத்தில் எந்த எழுத்து நன்றாகத் தெரிகிறது என்று வாய்ச் சண்டை போட்டுக்கொண்டிருக்காமல், ஒரு விமானத் திடலில் ஆட்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். காரின் மேல் பலகையைப் பொருத்தி அவர்களை நோக்கி ஓட்டினார்கள். எத்தனை தூரத்தில் வாசிக்க முடிகிறது என்று குறித்துக் கொண்டார்கள்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. சடையங்குப்பத்தில் ஒரு திடல் போதும். ஒரு லாரி, நாலு வகைப் பலகை, ஒரு அளவு நாடா. உட்கார வைப்பதற்கு என்ஜினீயர்கள் வேண்டாம். மாலை வகுப்பில் எழுத்துக் கற்ற பாட்டிகளை உட்கார வைக்க வேண்டும். அவர்கள் 40 அடியில் படித்துவிட்டால் ஊரில் யாரும் படிப்பார்கள்.

லாரி மறுபடியும் வருகிறது

அதுவரைக்கும் அந்தப் பாட்டிக்குக் கைகொடுப்பது எண்தான். படிப்பு குறைவானவர்களுக்கும் எண் தெரியும். பஸ் நம்பர், ரேஷன் அட்டை நம்பர், பேரனின் செல்போன் நம்பர் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. லாரிப் பலகையிலும் எண்தான் பெரிது. பெயரைப்போல் இரண்டு மடங்கு உயரம். எந்த மொழிக்காரருக்கும் அது பொது.

1005 என்றால் அம்மோனியா. 1017 என்றால் குளோரின். 1203 பெட்ரோல். 1830 கந்தக அமிலம். 1075 சமையல் வாயு இனம். சிவப்புச் சாய்சதுரத்தில் தீ எரிவது போல் படம் இருந்தால் தீப்பற்றும் சரக்கு. வெள்ளைச் சாய்சதுரத்தில் மண்டையோடு இருந்தால் விஷம். கவிழ்ந்த லாரியைக் கண்டால் கிட்டே போகாமல், எட்ட நின்று அந்த எண்ணை மட்டும் பார்த்து 112க்குச் சொன்னால், வருகிற தீயணைப்புக்காரர்கள் தகுந்த கருவியோடு வருவார்கள்.

பஸ் இன்னும் வரவில்லை. அடுத்த டாங்கர் லாரி வருகிறது. பேத்தி வாய்க்குள் கணக்குச் சொல்லிப் பார்க்கிறாள்.

"ஒன்னு, ரெண்டு, சைபர், மூணு. ஆயா, இது பெட்ரோலு!"

"அப்படியா? அப்ப கொஞ்சம் தள்ளி நில்லு" என்று அவள் கையைப் பிடித்து இழுக்கிறாள் பாட்டி.